காலையில் ஸ்டார்ட் ஆகாத அப்பாவின் 1994 எம்எம் 540: இன்ஜினை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

பொன்மனைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு குமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்குப் பக்கம். அப்பா வைத்திருந்த மஹிந்திரா எம்எம் 540 ஜீப் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. 1994 மாடல், டிஎன் 74 பதிவு, பழைய பெஜோ டீசல் இன்ஜின். அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. தம்பி துபாயில் இருக்கிறான், விற்றுவிடு என்கிறான். எனக்கு மனம் வரவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் ரோடு முழுக்க ரப்பர் மரம் சாய்ந்து கிடந்தது. அப்பா இந்த வண்டியை நாலு வீலில், லோ கியரில் போட்டுச் சங்கிலி கட்டி ஒவ்வொரு மரமாக இழுத்து ஒதுக்கினார். பக்கத்து வீட்டு அக்காவைப் பிரசவத்துக்குக் கொண்டுபோனதும் இதில்தான். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

பிரச்சினை இதுதான். காலையில் செல்ஃப் எட்டு, பத்து தடவை அடித்தால்தான் பிடிக்கிறது. அதுவரை கண் எரிகிற மாதிரி வெள்ளைப் புகை, பச்சை டீசல் வாடை. பிடித்த பிறகும் ஒரு நிமிஷம் மிஸ்ஸிங்கோடு குலுங்குகிறது. அப்புறம் சரியாகிவிடும். சூடான பிறகு எங்கே நிறுத்தினாலும் ஒரே அடியில் ஸ்டார்ட். ஆனி, ஆடி மழையில் தொல்லை இன்னும் கூடுதல். புது பாட்டரி போட்டும் மாற்றமில்லை.

டவுனில் ஒரு பட்டறையில் காட்டினேன். பானெட்டைத் திறந்து பார்த்த இரண்டே நிமிஷத்தில், "டீசல் பம்ப் போச்சு, இன்ஜினும் கிழடு, டிஐ இன்ஜின் போட்டுவிடலாம், 1,40,000 ரூபாய் ஆகும்" என்றார்கள். ஒரு நட்டைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் வருத்தம். அவ்வளவு பணம் கொடுத்தால் உண்மையிலேயே சரியாகுமா? 30 வருஷம் தாண்டிய டீசல் வண்டியைச் சட்டப்படி வைத்திருக்க முடியுமா? இன்னொன்றும் உண்டு. பின்பக்கம் தளத்தில், அப்பா ரப்பர் ஷீட் அடிக்கிற ஆசிட் கேன் வைக்கும் இடம் சல்லடையாக இருக்கிறது.

மார்த்தாண்டம் ஸ்பேர்ஸ்:

அக்கா, சட்ட விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன். 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்பது டெல்லி வட்டாரத்துக்கான உத்தரவு, நமக்கு இல்லை. இங்கே 15 வருஷம் முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பித்து, அதன் பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு 2024-ல் செய்திருப்பார்கள், அப்படியானால் 2029 வரை கவலையில்லை. ஆர்.சி.யில் தேதியைப் பாருங்கள். 20 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் கட்டணத்தை 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி.

இன்ஜின் மாற்றுவது அப்படி இல்லை. ஆர்.சி.யில் இன்ஜின் நம்பர் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ.வில் அனுமதி வாங்கி, ஆர்.சி.யிலும் மாற்றியாக வேண்டும். பட்டறையில் இதைச் சொன்னார்களா?

எஸ்டேட் டிரைவர்:

மக்களே, இன்ஜினை மாற்றாதே. நான் பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் 26 வருஷம் எஸ்டேட் ஜீப் ஓட்டியவன். நீ எழுதியதில் ஒரு வரியே எனக்குப் போதும்: சூடான பிறகு ஒரே அடியில் ஸ்டார்ட்.

பம்ப் உள்ளே தேய்ந்த வண்டி அப்படி நடக்காது. டீசல் சூட்டில் இளகிவிடும். தேய்ந்த இடைவெளி வழியாகக் கசிந்து பிரஷர் ஏறாது. அதனால் பம்ப் போன வண்டி சூட்டில்தான் அதிகம் முரண்டுபிடிக்கும். உன் வண்டி குளிரில் முரண்டுபிடிக்கிறது.

அந்த இன்ஜினுக்கு எக்ஸ்டிபி 4.90 என்று பேர். நாலு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம், மொத்தம் 2112 சிசி. டீசல் நேராகப் பிஸ்டன் தலையில் விழாது, ஹெட்டுக்குள் இருக்கும் சின்ன அறையில் விழுந்து அங்கேதான் முதலில் பற்றும். குளிர்ந்து கிடக்கும் அந்த அறை, காற்றை அழுத்தும்போது வரும் சூட்டைக் குடித்துவிடும். அதற்காகத்தான் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறான். நாலில் இரண்டு செத்துப்போனால் நீ எழுதியது அப்படியே நடக்கும். எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வரும், மிச்ச இரண்டு சிலிண்டரில் இன்ஜின் குலுங்கி ஓடும், சூடானதும் நாலும் சேர்ந்துகொள்ளும். டிஐ இன்ஜினில் டீசல் நேராக விழும், ஹீட்டர் இல்லாமலே பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது 2523 சிசி, அதிர்வும் கூடுதல். உன் சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் அதில் ஏற்றக்கூடாது.

சோதிப்பது லேசு. நாலு பிளக்கையும் சேர்த்திருக்கும் தகட்டைக் கழற்று. பாட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு டெஸ்ட் பல்ப் வழியாக ஒயர் எடுத்து ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வைத்துப் பார். பல்ப் எரிந்தால் பிளக்கின் கம்பி அறவில்லை. எரியாவிட்டால் அது போய்விட்டது. கழற்றும்போது மட்டும் அவசரமே கூடாது. துருப்பிடித்த பிளக் ஹெட்டுக்குள் முறிந்தால் ஹெட்டை இறக்க வேண்டி வரும். முதல் நாள் ராத்திரியே துரு எண்ணெய் ஊற்றி வை. இன்ஜினைக் கொஞ்சம் சூடாக்கி, பாட்டரியைக் கழற்றிவிட்டு, முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி எடு.

பிளக் நாலும் நல்லதாக இருந்தால் காற்று பிடிக்கிறதா என்று பார். டாங்கியிலிருந்து ஃபீட் பம்ப் வரை டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. அந்த வழியில் ஓஸ் வெடித்திருந்தால் வெளியே சொட்டு விழாது, காற்றுதான் உள்ளே போகும். ராத்திரி முழுக்க டீசல் டாங்கிக்குத் திரும்பிவிடும். காலையில் டீசல் ஏற்றும் கைப்பம்பை அடித்துவிட்டு ஸ்டார்ட் செய்து பார். உடனே பிடித்தால் காற்றுதான். ஒரு அடி கண்ணாடி ஓஸ் வாங்கி இடையில் போட்டால் குமிழ் ஓடுவது தெரியும்.

இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் பட்டையையும் கழற்றி, இரண்டு முனையையும் வெள்ளை தெரிகிற வரை தேய். நம் ஊரில் இரண்டு மழையும் பெய்கிறது, அந்த போல்ட் துருப்பிடிக்காத ஜீப்பை நான் பார்த்ததில்லை. எர்த் சரியில்லாவிட்டால் எந்த பாட்டரி போட்டாலும் செல்ஃப் சோம்பிச் சுற்றும், பிளக்கும் பழுக்காது.

ஈதர் ஸ்ப்ரே அடித்து ஸ்டார்ட் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் அது வெடிக்கும்.

குளச்சல் கடலோரம்:

ஐயா சொன்னது அத்தனையும் சரி. ஆனால் நான் தளத்து ஓட்டையைப் பற்றித்தான் பேச வேண்டும். ஏனென்றால் எங்கள் ஜீப்பை நாங்கள் அப்படித்தான் இழந்தோம்.

எங்கள் வண்டியில் மீன் ஏற்றினோம். பெட்டியிலிருந்து ஐஸும் உப்புத் தண்ணீரும் 12 வருஷம் தளத்தில் வடிந்தது. இன்ஜின் மணி மாதிரி ஓடிக்கொண்டிருந்தபோதே, ஒருநாள் முட்டம் ரோட்டில் பின் பட்டையின் ஷேக்கிள், அதாவது ஸ்பிரிங் பட்டையைச் சேஸிஸில் மாட்டும் கொக்கி, சேஸிஸை விட்டுக் கழன்றுவிட்டது. யாருக்கும் அடியில்லை. வண்டி போய்விட்டது. உங்களுக்கு உப்பு இல்லை, ஆனால் பார்மிக் ஆசிட் இருக்கிறது. ரப்பர் பாலை உறைய வைக்கிற அதே ஆசிட் இரும்பையும் தின்னும். தளத்தைச் சல்லடையாக்கியது கீழே சேஸிஸிலும் சொட்டியிருக்கும்.

அக்கா, தளத்துத் தகட்டை எந்தப் பட்டறையிலும் வெட்டி ஒட்டிவிடலாம். சேஸிஸைத்தான் முதலில் பாருங்கள். வண்டியைக் கழுவி, காய்ந்த பிறகு, சின்னச் சுத்தியலால் நீளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், உள்ளே அரித்த இடம் தொப்பென்று கேட்கும். பின் பட்டையின் ஷேக்கிள் மாட்டும் இடத்துக்கு மேலே சேறு அடைந்து கிடக்கும். அங்கே கட்டாயம் தட்டுங்கள். வெளியே பெயின்ட் நன்றாக இருந்தாலும் ஏமாறாதீர்கள், துரு உள்ளிருந்து வெளியே வரும்.

பழைய இன்ஜின் ஆயிலை அடியில் அடிக்கிறவர்கள் உண்டு. அது ரப்பர் புஷ்ஷைக் கெடுக்கும். என் தாத்தா வள்ளத்துக்கு அண்டி ஆபீஸிலிருந்து (முந்திரி ஆலை) வாங்கும் முந்திரித் தோட்டு எண்ணெயைத்தான் சேஸிஸுக்கும் பூசினார். நன்றாகப் பிடித்தது. ஆனால் தோலில் பட்டால் வெந்துவிடும், கையுறை இல்லாமல் தொடக்கூடாது, சைலன்ஸர் பக்கம் போகக்கூடாது.

பொன்மனைக்காரி:

ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. சனிக்கிழமை ராத்திரி எண்ணெய் ஊற்றி வைத்து, ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு மாமாவை ஸ்பானர் பிடிக்கச் சொல்லி நானே பார்த்தேன். இரண்டாவது, மூன்றாவது பிளக்கில் பல்ப் எரியவில்லை. மூன்றாவது அசையவே இல்லை. நீங்கள் சொன்னபடி ஆட்டி ஆட்டி எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. வெளியே வந்தபோது அதன் நுனியே கரைந்து போயிருந்தது. நாலையும் புதிதாகப் போட்டேன். எர்த் பட்டை போல்ட்டைத் தொட்டதும் துரு தூளாகக் கொட்டியது. கண்ணாடி ஓஸில் சின்னக் குமிழும் ஓடியது. ஃபில்டருக்கு முன்னால் ஒரு கிளாம்ப் தளர்ந்திருந்தது, அதை மாற்றினேன். எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய்க்குள் முடிந்தது.

நேற்று விடியற்காலை நல்ல மழை. ஹீட்டரை 20 விநாடி போட்டுவிட்டுச் செல்ஃப் அடித்தேன், இரண்டாவது அடியில் பிடித்தது. புகை கொஞ்சம்தான். சத்தம் கேட்டு அம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்து நின்றுவிட்டார்கள். அப்பா விடியற்காலை தோட்டத்துக்குக் கிளம்பும் சத்தம் அது.

குளச்சல் அண்ணா, சேஸிஸையும் தட்டினேன். இடது பின் ஷேக்கிளுக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்குத் தொப்பென்றுதான் கேட்கிறது. ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினால் உள்ளே போகிறது. வலது பக்கம் சுத்தமாக இருக்கிறது. இதை ஒட்டிச் சரிசெய்ய முடியுமா?

குளச்சல் கடலோரம்:

ஒரு சாண் என்றால் முடியும், இப்போதே செய்துவிடுங்கள். அதுவரை பாரம் ஏற்றாதீர்கள். ஓட்டைக்கு மேல் தகடு ஒட்ட விடக்கூடாது. அரித்த இரும்பை நல்ல இரும்பு வரும் வரை வெட்டி எடுத்து, சேஸிஸ் கனத்திலேயே தகடு வளைத்துப் போட வேண்டும். லாரி சேஸிஸ் வேலை செய்கிற வெல்டரிடமே கொடுங்கள். ஷேக்கிள் இருக்கும் இடம் ஒரு நூல் விலகினாலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், அதனால் வெட்டுவதற்கு முன்பே வலது பக்கத்தை அளந்து எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

எஸ்டேட் டிரைவர்:

வெல்டிங் தொடங்கும் முன் பாட்டரியின் இரண்டு முனையையும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழற்றிவிடு, மக்களே. டீசல் டாங்கியையும் இறக்கித் தூரத்தில் வைக்கச் சொல். எர்த் கிளாம்பை வெல்டிங் செய்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் பேரிங் வழியாகப் பாயும். வேலை முடிந்ததும் உள்பக்கமும் பெயின்ட் அடிக்கிறானா என்று கூட நின்று பார்.