டிஎஃப்டிபி: 32 எம்பி வந்ததும் நின்றுவிடுகிறது

பைத்தானில் டிஎஃப்டிபி (நெட்வொர்க் வழியே ஃபைல் அனுப்பும் எளிய புரோட்டோகால்) சர்வரும் கிளையன்டும் நானே எழுதிப் பார்க்கிறேன். சின்ன ஃபைல்கள் நன்றாகப் போகின்றன. முதலில் படுத்தியது சரியாக 1024 பைட் உள்ள ஃபைல்தான். ஃபைல் 512 பைட் பிளாக்குகளாகப் போகிறது; அதைவிடக் குறைந்த பாக்கெட் வந்தால்தான் கிளையன்டுக்கு முடிந்தது என்று தெரியும். கடைசியில் ஒரு காலி டேட்டா பாக்கெட் அனுப்ப வேண்டுமாம். அதைக் கண்டுபிடிக்கவே ஒரு ராத்திரி போனது.

இப்போது 32 எம்பியை நெருங்கினால் சர்வர் எரர் காட்டி நின்றுவிடுகிறது. பிளாக் எண்ணுக்கு 2 பைட்தான், 65535ஐத் தாண்டாது என்பது புரிகிறது. அடுத்த எண் 0வா, 1ஆ? டிஎஃப்டிபியின் விதிகளைச் சொல்லும் ஆவணமான ஆர்எஃப்சி 1350இல் இதற்குப் பதில் இல்லை. பிளாக் அளவைக் கூட்டும் ஆப்ஷனைச் சேர்த்துவிடலாமா?

அப்புறம், ஏசிகே (பாக்கெட் வந்து சேர்ந்தது என்ற பதில்) வராவிட்டால் எத்தனை நொடி கழித்து மறுபடி அனுப்புகிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.