ஏலக்காய் எடுக்கும் கையைப் போன் ஏற்க மறுக்கிறது, முகத்தைப் பதியலாமா?

போடிக்காரன்:
அம்மா தினமும் ஜீப்பில் போடிமெட்டு ஏறிப் பூப்பாறைப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போகிறார். அவர் போனில் பவர் பட்டனிலேயே கைரேகை சென்சார். வாங்கிய புதிதில் நன்றாகத் திறந்தது. ஆடியில் காய் எடுப்பு தொடங்கியதிலிருந்து பெருவிரல், ஆள்காட்டி விரல் இரண்டையும் ஏற்பதே இல்லை. ஞாயிறு லீவு முடிந்தால் கொஞ்சம் திறக்கும், அப்புறம் பழைய கதை. ரேஷன் கடையிலும் இதே பாடு, அங்கே கருவிழியைக் காட்டி வாங்கிவிடுகிறார். சென்சார் போய்விட்டதா? பேங்க் ஆப், ஜிபே எல்லாம் இருக்கிற போனில் முகத்தைப் பதிந்து கொடுத்தால் ஆபத்தா? அம்மாவோ லாக்கே வேண்டாம் என்கிறார்.

குமுளி செல்போன் கடை:
சென்சார் கெடவில்லை தம்பி. ரேகையின் மேடு பட்டனைத் தொடும், பள்ளம் தொடாது. அந்த இரண்டுக்கும் இடையில் வரும் மின்னேற்ற வித்தியாசத்தை வைத்துத்தான் அது விரலை அறிகிறது. காய் பறித்துப் பறித்து மேடு தேய்ந்து, மேலே கறையும் படிந்தால் அதற்கு என்ன தெரியும்? ஈர விரலும் அப்படித்தான். சீசனில் என் கடைக்கு இந்தப் புகார் வராத வாரமே கிடையாது.

பழைய பதிவுகளை அழித்துவிடுங்கள். அம்மா போனை இடது கையில் பிடித்தால் நடுவிரலோ மோதிர விரலோ தானாகப் பவர் பட்டன் மேல் விழும். காய் எடுப்பில் அந்த விரல்களுக்குத் தேய்மானம் குறைவு. ராத்திரி கை கழுவி, துளி தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்த பிறகு பதியுங்கள். ஒரே விரலை இரண்டு முறை பதியலாம், இரண்டாவது முறை விரலின் ஓரங்களும் நுனியும் படட்டும்.

கம்பம்மெட்டு ராசா:
எதற்கு இவ்வளவு பாடு? பேட்டர்ன் போட்டுக் கொடுங்கள். எங்கள் அப்பத்தாவே போடுகிறார்.

தேவிகுளம் அக்கா:
ராசா அண்ணே, கறை படிந்த கையால் பேட்டர்ன் இழுத்தால் கோடு கண்ணாடியிலேயே நிற்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறவன் அப்படியே இழுத்துவிடுவான். ஆறு இலக்கப் பின் நம்பர் தான் நல்லது.

முகம் பற்றிக் கேட்டீர்களே தம்பி. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் பெரும்பாலும் முன் கேமராவில் தெரியும் தட்டையான படத்தை மட்டும் பார்க்கின்றன. சிலவற்றை ஒரு நல்ல போட்டோவே ஏமாற்றிவிடும். ஆண்ட்ராய்டில் இதற்கு மூன்று தரம் உண்டு. போலியைக் காட்டி ஏமாற்றும் முயற்சிகளில் 7 சதவீதத்துக்கு மேல் ஏமாறாதது முதல் தரம், 20 சதவீதத்தைத் தாண்டினால் கடைசி. கடைசித் தரத்தை ஆப்கள் பயன்படுத்த முடியாது, அதனால் பேங்க் ஆப்பில் முகம் என்ற வழியே வராது. 2017-இல் வந்த ஐபோன் எக்ஸ் மாதிரி 30,000-க்கு மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை வீசி முகத்தின் மேடுபள்ளத்தை அளக்கிற போன் என்றால் பேச்சே வேறு. அது இருட்டிலும் திறக்கும். விடிகாலை ஜீப்பில் அம்மாவின் போனுக்கு முகமே தெரியாது.

அப்புறம், விரல் ஒரு வசதி, அவ்வளவுதான். நிஜப் பூட்டு பின் தான். போனை அணைத்துப் போட்டால் பின் கேட்கும். அணைக்காமலே இருந்தாலும் 72 மணி நேரத்துக்குள் ஒரு தடவை கேட்டே தீரும். அம்மாவுக்கு அது மறக்கக் கூடாது. பிறந்த வருஷத்தை மட்டும் வைத்துவிடாதீர்கள்.

போடிக்காரன்:
நன்றி அக்கா, அண்ணே. இடது மோதிர விரல் பெரும்பாலும் திறக்கிறது, மழையில் நனைந்து வரும் நாளில் மட்டும் தகராறு. பின் நம்பரையும் மாற்றிவிட்டோம். இன்னொரு சந்தேகம்: என் அக்கா மகள் கார்ட்டூன் பார்க்க அவள் விரலையும் பதிந்து வைத்திருக்கிறோம். அதனால் ஒன்றும் இல்லையே?

தேவிகுளம் அக்கா:
இருக்கிறது. கைரேகையில் திறக்கும் பேங்க் ஆப்புக்கு, போனில் பதிந்த எல்லா விரலும் ஒன்றுதான். யாருடையது என்று பார்க்காது. அவள் விரலை இன்றே எடுத்துவிடுங்கள். செட்டிங்ஸில் ஆப் பின்னிங் இருக்கும். கார்ட்டூன் ஆப்பை அதில் நிறுத்தி, வெளியே வரப் பின் கேட்கும்படி வைத்துக் கொடுத்தால் போதும்.

குமுளி செல்போன் கடை:
மழை நாளுக்கு வேறு வித்தை கிடையாது தம்பி. விரலோடு பட்டனையும் துடைக்கச் சொல்லுங்கள், பாதித் தகராறு அங்கேதான்.