ஐஃபெல் மலையில் 35 நிமிடக் காத்திருப்பு

ஜெர்மனியின் ஐஃபெல் பக்கம் ஒரு நாள் சுற்றிவர நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எரிமலைப் பகுதி என்றதும் புகை கக்கும் சிகரத்தைத் தேடாதீர்கள், இங்கே பல இடங்களில் எரிமலை என்பது பள்ளம்தான். கீழிருந்து ஏறிவந்த பாறைக்குழம்பு நிலத்தடி நீரைத் தொட்டதும் நீர் ஆவியாகி வெடித்து, தரையில் வட்டமாகக் குழி விழுந்து, அதில் தண்ணீர் சேர்ந்து ஏரியாகிவிட்டது. அதை மார் என்கிறார்கள்.

டாவுன் ஊரை ஒட்டி இப்படி மூன்று ஏரிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. கெமுண்டனர் மாரில் தொடங்கி, மேட்டில் ஏறி ட்ரோங்கே கோபுரத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, அந்தப் பக்கம் இறங்கினால் வைன்ஃபெல்டர் மார். கரையில் வெள்ளையடித்த சிறு தேவாலயம் ஒன்றும் அதைச் சுற்றிக் கல்லறைகளும் இருக்கின்றன, வீடு ஒன்றுகூட இல்லை. பூவாளியில் தண்ணீர் எடுத்து ஒரு கல்லறைச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்த வயதான அம்மாவிடம் ஊர் எங்கே என்று கேட்டேன். கொள்ளைநோய் வந்து 16ஆம் நூற்றாண்டிலேயே ஊர் காலியாகிவிட்டது, கோயில் மட்டும் நிற்கிறது, கீழே ஷால்கென்மேரனில் இறப்பவர்களை இன்றும் இங்கேதான் கொண்டுவருகிறோம் என்றார். அப்புறம் செடிப்பக்கம் திரும்பிக்கொண்டார். இதைத் 'தோட்டன்மார்', அதாவது இறந்தவர்களின் ஏரி என்று ஏன் சொல்கிறார்கள் என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. நீந்த ஆசை இருந்தால் மற்ற இரண்டு ஏரிகளுக்கும் போங்கள், இங்கே அனுமதி இல்லை.

மதியம் காரில் வாலன்போர்ன் போனோம். அங்கே குளிர்ந்த நீர் ஊற்று ஒன்று ஏறக்குறைய 35 நிமிடத்துக்கு ஒருமுறை பொங்கும், உள்ளூர்க்காரர்கள் அதை புருபெல் என்கிறார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்போதுதான் பொங்கி ஓய்ந்திருந்தது. என் மகளுக்கு முகம் தொங்கிவிட்டது. ஆனால் என்னைக் கேட்டால் அந்தக் காத்திருப்புதான் அன்றைய நாளின் சிறந்த பகுதி. கருங்கற்களுக்கு நடுவே தண்ணீர் அசையாமல் கிடந்தது. முதலில் ஒரே ஒரு குமிழி. பிறகு நாலைந்து. பிறகு தரைக்கடியில் யாரோ தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம், கூடவே வேகவைத்த முட்டை வாடை. பக்கத்தில் நின்ற ஒரு சிறுவன் என் மகளின் கையைப் பிடித்து, "இப்போ, இப்போ" என்றான். உடனே வெள்ளை நுரையாக ஆளுயரத்துக்கு மேலே எழுந்தது. அடியில் சேர்ந்த கரியமில வாயு அழுத்தம் தாங்காமல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வருகிறது, வேறெந்த வித்தையும் இல்லை. சாரல் முழங்கை வரை நனைத்தது, ஐஸ் போலக் குளிர்ச்சி.

பொங்கி அடங்கியதும் மகள் கேட்டது, "இன்னும் 35 நிமிடம் இருக்கலாமா?" சரி என்று இருந்தோம்.