மீன்பிடித் தரவுகளுக்கு எக்செல் போதுமா, ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளைக் கற்க வேண்டுமா?

கேள்வி (இறுதியாண்டு மாணவி, திருகோணமலை): கொட்டியாரக் குடாவில் திரட்டிய நாளாந்தப் பிடி நிறைகளை மூன்று வலை வகைகளுக்கிடையே ஒப்பிட வேண்டியுள்ளது. எக்செல் போதுமா?

மறுமொழி 1: ஆர் இலவசமானது, தங்கச்சி. எழுதும் கட்டளைக் கோப்பே ஒவ்வொரு படிமுறைக்கும் சான்றாக நிற்பதால், மேற்பார்வையாளர் ஒரு பெறுமானத்தைத் திருத்தச் சொன்னாலும் முழுப் பகுப்பாய்வையும் உடனே மீண்டும் இயக்கலாம். கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2: முதலில் தரவுகளை வரைபடமாக்கிப் பாருங்கள். சில நாட்களின் பெரும்பிடி சராசரியை மேலே இழுத்துவிடும் என்பதால் இடையத்தையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் பெறுமானம்) தாருங்கள்; குழுக்களைத் தரவரிசைப்படி ஒப்பிடும் குரூஸ்கல்–வாலிஸ் சோதனை பொருந்தக்கூடும். ஆனால் ஒரே படகைப் பல நாட்கள் அளந்திருந்தால், அவ்வளவீடுகள் ஒன்றையொன்று சார்ந்தவை. அச்சோதனை தவறான முடிவைத் தரலாம், மென்பொருளும் எச்சரிக்காது.

மாணவி: ஒரே படகுகளைத்தான் தொடர்ந்து அளந்தேன், ஐயா.

மறுமொழி 2: அப்படியானால் பெரும்பிடிகளின் இழுப்பைக் குறைக்க நிறைகளின் மடக்கையை (log) எடுத்து, படகை எழுமாற்று விளைவாகக் கொள்ளும், அதாவது படகுக்குப் படகு உள்ள வேறுபாட்டையும் கணக்கில் எடுக்கும் கலப்பு மாதிரியை, ஆரின் எல்எம்இ4 (lme4) என்ற துணைப் பொதியில் அமையுங்கள்.