மாத்திரையை நிறுத்தி 9 நாள், தலைக்குள் ஷாக் அடிக்கிறது: நோய் திரும்பிவிட்டதா?

வெண்ணாற்றங்கரை:
வணக்கம். மனைவிக்கு 34 வயது. மனச்சோர்வுக்கு 14 மாதமாக எஸ்சிட்டலோப்ராம் 10 மி.கி., ராத்திரி ஒன்று. நோய் நன்றாகக் குறைந்தது. ஆனால் வியர்வை தாங்கவில்லை, தாம்பத்தியத்தில் நாட்டமே போய்விட்டது. "அடிமையாயிடுவே" என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்த, 9 நாளுக்கு முன் ஒரேயடியாக விட்டுவிட்டாள். மூன்றாம் நாளிலிருந்து தலைசுற்றல், குமட்டல், தூக்கமின்மை, திடீர் அழுகை. கண்ணைத் திருப்பினாலே தலைக்குள் சுளீரென்று ஷாக் அடிக்கிறதாம். அம்மா, மனநோய் தீர வேண்டித் தங்கும் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கவைக்கலாம் என்கிறார். என்ன செய்யலாம்?

மருந்தாளுநர்_குடந்தை:
நாள் கணக்கைப் பார்த்தால் மருந்தை விட்டதால் வந்த தொல்லை என்றே தோன்றுகிறது. நோய் திரும்பினால் பெரும்பாலும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல ஏறும். இப்படி மூன்றாம் நாளே வந்து நிற்காது. தலைக்குள் ஷாக், சுற்றல், குமட்டல் மூன்றும் சேர்ந்து வருவது நிறுத்தியதன் அடையாளம். இதை அடிமைத்தனம் என்று சொல்லாதீர்கள். போதைக்கு ஏங்குவது வேறு, பழகிய மூளை தடுமாறுவது வேறு.

முதலில் ஒன்றைப் பாருங்கள். அட்டையில் எஸ்சிட்டலோப்ராம் மட்டும்தானா, கூடவே குளோனாசெபாம் (பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் மருந்து) என்றும் இருக்கிறதா? நம் பக்கம் இந்தக் கூட்டு மாத்திரை நிறையப் போகிறது. பெயரின் கடைசியில் 'ப்ளஸ்' மாதிரி ஏதாவது ஒட்டியிருக்கும். மெடிக்கலில் அட்டையை வெட்டிக் கொடுத்திருந்தால் பெயர் பாதியோடு போயிருக்கும், பில்லையோ டாக்டர் சீட்டையோ பாருங்கள்.

வெண்ணாற்றங்கரை:
பார்த்துவிட்டேன் சார். எஸ்சிட்டலோப்ராம் 10, குளோனாசெபாம் 0.5 என்று போட்டிருக்கிறது. இத்தனை நாள் கவனிக்கவே இல்லை.

மருந்தாளுநர்_குடந்தை:
அப்படியானால் இரண்டு மருந்தை ஒரே நாளில் நிறுத்தியிருக்கிறார். குளோனாசெபாமைத் திடீரென விட்டால் சிலருக்கு வலிப்பே வரலாம். தள்ளிப்போடாமல் நாளைக்கே மருந்து எழுதிய டாக்டரிடம் போங்கள். அவர் கிடைக்காவிட்டால் திருவாரூர் அல்லது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. இடையில் வலிப்பு, பிதற்றல், சாகவேண்டும் என்ற பேச்சு வந்தால் காத்திருக்காமல் 108. நேரம் காலம் பாராமல் பேச அரசின் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். விட்ட 9 நாளுக்கும் சேர்த்து இரண்டு மூன்று மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். மறுபடி எந்த அளவில் தொடங்குவது என்று டாக்டர் சொல்லட்டும். பழைய அளவுக்கே போனால் ஷாக்கும் சுற்றலும் சில நாளில் அடங்குவதுதான் வழக்கம்.

மனநல_செவிலி:
தம்பி, டாக்டரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்: இரண்டு மருந்தையும் தனித்தனி மாத்திரையாக எழுதித் தரமுடியுமா என்று. கூட்டு மாத்திரையைப் பாதியாக உடைத்தால் இரண்டும் சேர்ந்தே குறையும், எதனால் தொல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்றைக் குறைக்கும்போது மற்றது அசையாமல் நிற்கவேண்டும்.

எஸ்சிட்டலோப்ராமைக் குறைப்பதில் பலரும் தடுமாறுவது கடைசிப் படியில். 10 மி.கி.யில் மருந்து மூளையின் செரோடோனின் கடத்திகளில் (மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனினைத் திரும்ப உறிஞ்சும் புரதங்கள்) ஏறத்தாழ 80 சதவீதத்தைப் பிடித்திருக்கும். 5 ஆக்கினாலும் பிடிப்பு 70ஐ ஒட்டித்தான் நிற்கும். அதனால் முதல் பாதி சுலபமாகத் தெரியும். "இனி என்ன" என்று 5லிருந்து பூஜ்யத்துக்கு வந்தால் அந்த 70ம் சில நாளிலேயே கழன்றுவிடும். ஆகவே 10, 7.5, 5, 2.5, 1.25 என்று, ஒவ்வொரு படியிலும் இரண்டிலிருந்து நான்கு வாரம் நின்று இறங்கச் சொல்வார்கள். தொல்லை தலைதூக்கினால் அடுத்த படி வேண்டாம், அங்கேயே நில்லுங்கள். 7.5க்கு ஒரு 5 மி.கி. மாத்திரையும் இன்னொன்றில் பாதியும். கால் பங்கு நொறுங்கும், அளவு சமமாக வராது. மெடிக்கலில் கிடைக்கும் மாத்திரை வெட்டும் கருவியே மேல். அதற்கும் கீழே போகமுடியாவிட்டால் உடம்பில் நாள்கணக்கில் தங்கும் ஃப்ளூஆக்ஸெட்டினுக்கு மாற்றுவதும் உண்டு.

ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது வேண்டவே வேண்டாம். இந்த மருந்து பாதியாகக் குறைய 30 மணி நேரம் வாக்கில் ஆகும். 48 மணி இடைவெளி விட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கி மறுபடி ஏறும், ஷாக்கும் அதோடு ஏறி இறங்கும்.

வியர்வையும் நாட்டமின்மையும் மாத்திரையால் வருவதுதான். உங்கள் மனைவிக்கு உங்கள்மேல் வெறுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். கூச்சப்படாமல் டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைக்கலாம், மிர்டாசபின் போல வேறு மருந்துக்கு மாற்றலாம்.

மருந்தாளுநர்_குடந்தை:
அக்கா சொன்னதோடு ஒன்று. நடவு, களை எடுப்பு முடிந்து இடுப்புவலிக்கு டைக்ளோஃபெனாக் கேட்டு வாங்குவது இங்கே சகஜம். எஸ்சிட்டலோப்ராமோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு அபாயம் கூடும், மலம் கறுப்பாகப் போனால் உடனே பாருங்கள். டிரமடால் என்ற வலி மாத்திரை, டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் உள்ள இருமல் மருந்து இரண்டையும் கேட்காமல் தராதீர்கள். வீட்டில் பெரியவர்கள் யாராவது இதே மாத்திரையோடு நீர் பிரிய மாத்திரையும் சாப்பிட்டால் ரத்தத்தில் சோடியம் இறங்கலாம். தள்ளாட்டம், குழப்பம் தெரிந்தால் ரத்தப் பரிசோதனை செய்யவேண்டும்.

வெண்ணாற்றங்கரை:
காலையில் முதல் பஸ்ஸுக்குக் கிளம்புகிறோம். குணசீலத்துக்கு அம்மாவிடம் என்ன சொல்ல?

மனநல_செவிலி:
அம்மாவின் மனம் நோகவேண்டாம், தம்பி. டாக்டர் சரி என்ற பிறகு தாராளமாகப் போகட்டும். ஆனால் ஒரு மண்டலம் என்றால் 48 நாள், 48 நாளுக்கும் எழுதிய மாத்திரை எண்ணிப் பையில் இருக்கவேண்டும், சீட்டின் நகலும் கூட. குறைக்கும் படிகளை அங்கே தொடங்கவேண்டாம். ஊர் திரும்பி, தூக்கம் ஒரு நிலைக்கு வந்தபிறகு தொடங்கலாம்.