உதவி: டேப்புடன் உரிந்துவரும் பிரைமர். 1/72 பஃபலோவுக்கு எதை அடிப்பது?

செந்தூல்வாசி:
வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீடொன்றில் வசிக்கிறேன். 1941 டிசம்பரில் மலாயாவில் பறந்த பிரூஸ்டர் பஃபலோ போர்விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரியை 1/72 அளவில் கட்டி வருகிறேன். மேற்பரப்பில் கரும்பச்சையும் மண்ணிறமும் மாறி மாறி வருவதால், நிறம் படக்கூடாத இடத்தை மறைக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டாமல் வேலை நடக்காது. ஏர்பிரஷ்ஷால் (காற்றழுத்தத்தில் நிறம் தூவும் கருவி) நீர்வகை பிரைமர் (நிறத்துக்கு அடியில் போடும் முதல் பூச்சு) அடித்து, அன்றிரவே அக்ரிலிக் நிறம் பூசி, மறுநாள் டேப்பை எடுத்தபோது, இறக்கையின் முன்விளிம்பில் நிறமும் பிரைமரும் ஒரே தோலாக உரிந்து, அடியில் வெறும் பிளாஸ்டிக் பளபளத்தது. அந்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்தால், பொடியாக உதிராமல் சுருள் சுருளாகத் திரள்கிறது.

இதற்கு முன் மாலை மழைக்குப் பிறகு பால்கனியில் நின்று, உதிரி இறக்கை ஒன்றில் டப்பா ஸ்ப்ரே லேக்கர் (கரைப்பான்வகை) பிரைமரை அடித்துப் பார்த்தேன். அது சாம்பல் நிறம் போய் வெள்ளை பூத்ததோடு சொரசொரப்பாகவும் ஆகிவிட்டது. வீட்டில் சிறு குழந்தை இருக்கிறது. இரண்டில் எந்த வகையை நம்புவது?

பட்டர்வொர்த் பட்டறை:
ஐயா, நீங்கள் விவரித்தவற்றில் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் தேர்வு எளிதாகும்.

முதலாவது உரிதல். வல்லேஹோ நிறுவனத்தினுடையது போன்ற நீர்வகை பிரைமர்கள் அக்ரிலிக்–பாலியூரித்தேன் வகையைச் சேர்ந்தவை. அவை பிளாஸ்டிக்கைக் கரைப்பதில்லை, அதன்மேல் ஒரு படலமாகப் படிந்து கிடக்கின்றன. தொட்டால் காய்ந்தது போலிருந்தாலும், நம் ஊர் ஈரப்பதத்தில் அந்தப் படலம் உள்ளே இறுகுவதற்குக் குறைந்தது ஒரு முழு நாள், முடிந்தால் இரண்டு நாள் விட வேண்டும். அச்சிலிருந்து பாகங்களை எடுக்கத் தடவும் எண்ணெய்ப்பசை கழுவப்படாமல் இருந்தால் பிடிமானம் இன்னும் கெடும். சுருளாகத் திரள்வது பாலியூரித்தேனின் இயல்பு. அதைத் தேய்த்துச் சமப்படுத்தலாம் என்று எதிர்பார்க்கவே கூடாது. லேக்கர் வகையின் கரைப்பானோ மாதிரியின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனின் மேற்பரப்பைச் சற்றே இளக்கி, அதனோடு கடித்துக்கொண்டு காய்கிறது. டேப் மேல் டேப்பாக ஒட்டி எடுக்கும் உருமறைப்பு வேலைக்கு என் வாக்கு லேக்கருக்குத்தான்.

இரண்டாவது வெள்ளை பூத்தல். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிகிறது. மழை விட்ட மாலைப்பொழுது இதற்கு மிக மோசமான நேரம். வெயில் ஏறிய முற்பகலில் தொடங்கி, மழை இருட்டுவதற்குள் முடித்துவிடுங்கள். பட்டர்வொர்த்தில் கடல் ஈரம் சும்மா விடாது என்பதால் சிறிய ஈரப்பதமானி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நான் தொடங்குவேன். மூன்றாவது சொரசொரப்பு, இதற்கு ஈரம் காரணமன்று. தூரத்திலிருந்து அடித்ததால் துளிகள் வழியிலேயே காய்ந்து தூளாக விழுந்திருக்கின்றன. டப்பா என்றால் 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரம் போதும்.

ஏர்பிரஷ் கையில் இருப்பதால் டப்பாவை விட்டுவிட்டு மிஸ்டர் சர்ஃபேசர் 1500 என்னும் லேக்கர் பிரைமரைச் சாம்பல் நிறத்தில் வாங்குங்கள். 500, 1000, 1200, 1500 என்று எண் ஏற ஏறத் துகள் நுண்மையாகும். 1/72 அளவில் 0.1 மில்லிமீட்டர் தடிமன் என்பது நிஜ விமானத்தில் 7 மில்லிமீட்டருக்கும் மேல் என்பதால், பேனல் கோடுகளை (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் மெல்லிய பள்ளங்கள்) காப்பாற்ற நுண்ணிய வகையே நல்லது. அதே நிறுவனத்தின் லெவலிங் தின்னர் என்னும் நீர்க்கச்செய்யும் கரைப்பானில் உலர்வைத் தாமதப்படுத்தும் பொருள் சேர்ந்திருக்கிறது. சரிபாதிக்குச் சற்று அதிகமாகவே அதைக் கலந்து, 15 முதல் 20 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்தத்தில் மெல்லிய பூச்சுகளாக அடித்தால் வெள்ளை பூப்பதும் வெகுவாகக் குறையும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் தூரிகை:
குழந்தை உள்ள அடுக்குமாடி வீட்டில் லேக்கரைப் பரிந்துரைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பால்கனியில் அடித்தாலும் நெடி காற்றோடு வீட்டுக்குள் திரும்பி வருகிறது; பக்கத்து வீட்டாரும் முகம் சுளிப்பார்கள். பாத்திரம் கழுவும் சோப்பில் பாகங்களைக் கழுவி, இரண்டு நாள் இறுகவிட்டு, டேப்பை முதலில் கையின் பின்புறத்தில் ஒட்டி எடுத்து அதன் பசையைக் குறைத்துக்கொண்டால் நீர்வகையும் தாங்கும். உப்புத்தாள் வேலையையெல்லாம் பிரைமருக்கு முன்பே முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

பட்டர்வொர்த் பட்டறை:
நெடியைப் பற்றித் தம்பி சொல்வது நியாயம். கரிமப் புகைக்கான (கரைப்பான் ஆவிக்கான) வடிகட்டி பொருத்திய முகமூடி இல்லாமல் லேக்கரைத் தொடவே வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண முகக்கவசம் புகையைத் தடுக்காது. குளிர்சாதன அறையில் ஈரம் குறைவுதானே என்று அங்கே போய் அடிப்பதும் ஆபத்து, அதே காற்றுதான் அறைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்.

செந்தூல்வாசி:
இருவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியும் குழந்தையும் காஜாங்கில் உள்ள மாமியார் வீட்டுக்குச் சென்றுவிடுவதால், முகமூடியுடன் லேக்கரை அடிக்க முடியும். பாதி உரிந்த இறக்கையின் மேலேயே அடித்துவிடலாமா? கருவிப்பலகையில் பித்தளைப் பாகங்கள் சிலவும் உள்ளன.

பட்டர்வொர்த் பட்டறை:
மேலேயே அடிக்காதீர்கள். அடியில் இருக்கும் அக்ரிலிக்கை லேக்கரின் கரைப்பான் சுருக்கிவிடும். லேக்கர் அடியிலும் அக்ரிலிக் மேலும் வரலாம், தலைகீழாக வரக்கூடாது. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பல் துலக்கியால் பழைய பூச்சை முழுவதும் எடுத்து, கழுவிக் காயவிட்டு, புதிதாகத் தொடங்குங்கள். விமானி அறையின் கண்ணாடிப் பாகத்தில் ஆல்கஹாலும் லேக்கரும் படாமல் மூடிவையுங்கள். பித்தளைக்கு மட்டும் உலோகத்துக்கான தனி பிரைமரை மெல்லியதாக ஒருமுறை பூசிவிட்டு, அதன்மேல் சர்ஃபேசரை அடித்தால் போதும்.