இலங்கை கிரிட் கோஓர்டினேட்டை டபிள்யூஜிஎஸ் 84க்கு மாத்தினா புள்ளி எல்லாம் கடலுக்குள்ள விழுகுது

குளக்கட்டு:
எல்லாருக்கும் வணக்கம். கிளிநொச்சிப் பக்கத்துக் குளங்களின்ர துருசு (மதகு), வான் (மிச்சத் தண்ணி வழியுற இடம்), அணைக்கட்டு முனை எண்டு எல்லாத்துக்கும் ஈஸ்டிங் நோர்திங் (கிழக்கு, வடக்குத் தூரம், மீட்டரில) எழுதின பழைய கொப்பி ஒண்டு எங்கட கையில கிடக்கு, நாப்பது வருசப் பழசு இருக்கும், மை மங்கிக்கொண்டு வருகுது, அது அழிய முதல் எல்லாத்தையும் டபிள்யூஜிஎஸ் 84 எண்ட உலகப் பொது முறைக்கு (ஜிபிஎஸ் பாவிக்கிறது) மாத்திக் கூகுள் ஏர்த்தில ஏத்தி வைச்சிட வேணும் எண்டு நிக்கிறன். என்னட்ட இருக்கிறது ஒரு பழைய கன்வெர்ட்டர் சொஃப்ட்வெயர், அதில இலங்கை எண்டு ரெடியா ஒண்டும் இல்லை, யூசர் டிஃபைண்ட் எண்டு போய் நாங்களே எல்லாம் நிரப்ப வேணும். நான் போட்டது இதுதான்: ப்ரொஜெக்ஷன் (உருண்டைப் பூமியைத் தட்டைப் படமாக்கிற முறை) ட்ரான்ஸ்வெர்ஸ் மெர்கேட்டர், எலிப்சொயிட் (பூமியின்ர வடிவத்துக்கு எடுக்கிற நீள்கோளம்) எவரெஸ்ட் 1830, லட்டிடியூட் ஒஃப் ஒரிஜின் 7.0001729, சென்ட்ரல் மெரிடியன் 80.7717111, ஸ்கேல் ஃபாக்டர் (தூரத்தைப் பெருக்கிற எண்) 0.99992, ஃபோல்ஸ் ஈஸ்டிங் 500000, ஃபோல்ஸ் நோர்திங் 500000. டேட்டம் ஷிஃப்டுக்கு, அதாவது இலங்கையின்ர அளவை அடிப்படையில இருந்து டபிள்யூஜிஎஸ் 84க்கு நகர்த்த, நெட்டில எடுத்த ஏழு பராமீட்டர். இரணைமடுப் பக்கத்துப் புள்ளி ஒண்டு கொப்பியில ஈஸ்டிங் 164700, நோர்திங் 455500 எண்டு இருக்கு, அதைக் குடுத்தா கன்னியாகுமரிக்குத் தெற்கால நடுக்கடலில போய் நிக்குது. எங்க பிழை விடுறன் எண்டு ஆராவது சொல்லுங்கோ.

பழைய சங்கிலி:
தம்பி, கொப்பியைக் கவனமா வைச்சிரும், அது பெரிய சொத்து. பிழை ஃபோல்ஸ் ஈஸ்டிங்கில. இலங்கையில ரெண்டு கிரிட் இருக்கு. பழசு கந்தவளை எண்ட பேருள்ள டேட்டத்தில, ஒரிஜின் எண்ட தொடக்கப் புள்ளிக்கு ஈஸ்டிங் 200000, நோர்திங் 200000 குடுத்தது, அந்த இலக்கங்கள்தான் ஃபோல்ஸ் ஈஸ்டிங், ஃபோல்ஸ் நோர்திங். புதுசு 1999 கிரிட், அதுக்குத்தான் 500000, 500000. ரெண்டுக்கும் ஒரிஜின் பிதுருதலாகல மலை உச்சிதான், அதால ஆக்கள் ரெண்டும் ஒண்டு எண்டு நினைச்சு மாறிப் போடுறவை. நீர் பழைய இலக்கத்துக்குப் புது ஃபோல்ஸ் போட்டதால புள்ளி 300 கிலோமீட்டர் மேற்கையும் 300 கிலோமீட்டர் தெற்கையும் ஓடிட்டுது.

எந்த கிரிட் எண்டு கண்டுபிடிக்க ஈஸ்டிங்கை மட்டும் பாரும். பழைய கிரிட்டில முழு இலங்கையும் ஏறக்குறைய 75000க்கும் 325000க்கும் இடையில அடங்கும், புதுசில 375000க்கு மேலதான் தொடங்கும், ஒண்டோட ஒண்டு முட்டாது. நோர்திங்கை நம்பாதையும், நாலு லட்சம் கிட்ட எண்டது ரெண்டிலயும் வரும், பழசில வன்னிக்காரருக்கும் புதுசில காலிக்காரருக்கும் ஒரே இலக்கம் கிடைக்கும்.

இன்னொண்டு, உம்மட லட்டிடியூட்டைப் பாத்ததும் திக்கெண்டுது. பழைய கிரிட்டின்ர ஒரிஜின் 7 பாகை 00 கலை 01.729 விகலை (டிகிரி, மினிட், செக்கன்). நீர் அதைப் புள்ளி வைச்சு அப்பிடியே 7.0001729 எண்டு அடிச்சிருக்கிறீர். சொஃப்ட்வெயர் அதைத் தசமப் பாகை எண்டுதான் வாசிக்கும். தசமத்தில அது 7.00048028. பாக்க ஒண்டும் இல்லாத மாதிரி இருக்கும், ஆனா எல்லாப் புள்ளியும் 34 மீட்டர் தெற்கால போகும். லோங்கிடியூட்டில இதே பிழையை விட்டிருந்தா, 80 பாகை 46 கலை 18.16 விகலையை 80.461816 எண்டு அடிச்சிருந்தா, 34 கிலோமீட்டர் போயிருக்கும், உடன பிடிபட்டிருக்கும். சின்னப் பிழைதான் கண்ணில படாமக் கிடந்து வருசக்கணக்கா ஆக்களை ஏமாத்தும்.

ஸ்கேல் ஃபாக்டரையும் முழுசாப் போடும், 0.9999238418. நீர் வெட்டின இலக்கத்துக்குக் கிளிநொச்சியில ஒரு மீட்டர் கிட்டப் போயிடும்.

குளக்கட்டு:
அண்ணை கோடி நன்றி, எல்லாம் மாத்தினன், புள்ளி கடலை விட்டுக் கரைக்கு வந்து குளத்துக்குக் கிட்டவும் வந்திட்டுது. ஆனா இப்ப எல்லாம் ஒரே அளவா 200 மீட்டர் மேற்கால நிக்குது. அணைக்கட்டு முனை வயலுக்குள்ள, வான் கதவு காட்டுக்குள்ள. ஒண்டு ரெண்டு புள்ளி எண்டா கொப்பியில எழுதினவர் பிழை விட்டிட்டார் எண்டு நினைக்கலாம், இது அத்தனையும் ஒரே பக்கம்.

நெல்லை மேப்பர்:
நண்பரே, எல்லாப் புள்ளியும் ஒரே பக்கம் ஒரே அளவு நகர்ந்தா ப்ரொஜெக்‌ஷனை விட்டுட்டு டேட்டம் ஷிஃப்ட்டைப் பாருங்க. ஏழு பராமீட்டர் போட்டதா சொன்னீங்கல்ல, அது 1999 டேட்டத்தோட செட்டா இருக்கும், அதுல சுழற்சி (அச்சைத் திருப்புற அளவு) மூணும் 0.195704, 1.695068, 3.473016 விகலைன்னு இருக்கும். இதுல மைனஸா ப்ளஸாங்கிறதுதான் வம்பு. சுழற்சியைப் புள்ளிக்குப் பண்றது ஒரு வழக்கம், அச்சுக்குப் பண்றது இன்னொரு வழக்கம், பொசிஷன் வெக்டர், கோஆர்டினேட் ஃப்ரேம்னு மெனுவுல போட்டிருப்பாங்க. ரெண்டுக்கும் எண் அதேதான், குறி மட்டும் நேர் எதிர். ஒரு இடத்துல இருந்து எண்ணை காப்பி பண்ணி வேற வழக்கம் உள்ள சாஃப்ட்வேர்ல ஒட்டினா சுழற்சி தலைகீழா நடக்கும். பூமி ஆரத்துல ஒரு விகலைக்கு 31 மீட்டர், இந்தச் சுழற்சி மூணும் சேர்ந்து இலங்கையில கிட்டத்தட்ட 100 மீட்டர் கிழக்கே தள்ளணும், தள்ளாம எதிர்ப்பக்கம் இழுத்தா வித்தியாசம் 200. உங்க கணக்கு அப்படியே ஒத்து வருது.

ஒரு சோதனை பண்ணுங்க. டேட்டம் ஷிஃப்ட்டையே மொத்தமா ஆஃப் பண்ணிட்டு அதே புள்ளியை மாத்துங்க. சரியான ஷிஃப்ட்டுன்னா ஆஃப் பண்ணும்போது 230 மீட்டர் குதிக்கணும். உங்களுக்கு முப்பது நாப்பது மீட்டர்தான் நகரும்னா குறி மாறியிருக்குன்னு அர்த்தம். துளிக்கூட நகரலைன்னா சாஃப்ட்வேர் ஷிஃப்ட்டையே எடுத்துக்கல.

அப்புறம் எவரெஸ்ட் 1830ன்னு மட்டும் தேர்வு பண்ணாதீங்க, அந்தப் பேர்ல ஏழெட்டு எலிப்சாய்டு இருக்கு. இலங்கைக்கு 1937 அட்ஜஸ்ட்மென்ட், அரை அச்சு 6377276.345, தட்டை விகிதத்தோட தலைகீழ் 300.8017. எங்க ஊர் (இந்தியா) டேட்டமான காளியன்பூர் 1975க்கு 6377299.151. மாத்திப் போட்டா தளத்துல ஒரு மீட்டர்தான் போகும், உயரத்துல 20 மீட்டருக்கு மேல போயிடும், குளத்து வேலைன்னா உயரம் முக்கியமாச்சே.

பழைய சங்கிலி:
நெல்லைத் தம்பி சொன்னது அச்சொட்டாச் சரி. நான் ஒண்டு சேர்க்கிறன். உம்மட கொப்பி கந்தவளை கிரிட், அதுக்கு 1999 டேட்டத்தின்ர ஏழைப் போடாதையும். கந்தவளைக்கு மூண்டு பராமீட்டர்தான், நகர்வு -97, 787, 86 மீட்டர், சுழற்சி எல்லாம் சைபர். குறிச் சண்டையே வராது. வேற புது சொஃப்ட்வெயர் கையில கிடைச்சா பழைய கிரிட்டுக்கு இபிஎஸ்ஜி (கோஓர்டினேட் முறை ஒவ்வொண்டுக்கும் குடுத்த குறியீட்டு இலக்கம்) 5234, புதுசுக்கு 5235 எண்டு தேடும், கையால அடிக்கிற வேலையே இல்லை. அந்த மூண்டு பராமீட்டர் படத்தில குளத்தைக் காட்டக் காணும். காணி எல்லைக்கு அதை நம்பிக் கல்லு நடக் கூடாது, அதுக்கு அந்த இடத்திலேயே தெரிஞ்ச கட்டுப்பாட்டுப் புள்ளி பிடிச்சு அளக்க வேணும்.

சோதிக்கிற புள்ளியையும் யோசிச்சு எடும். நுவரெலியாவில ஒண்டை எடுத்துச் சரி பாத்திட்டு வேலை முடிஞ்சுது எண்டு எழும்புற ஆக்களைக் கண்டிருக்கிறன். அது ஒரிஜினுக்குப் பக்கத்தில, அங்க ஸ்கேல் ஃபாக்டரை 1 எண்டு போட்டாலும் ஒண்டும் தெரியாது. அதே பிழை கிளிநொச்சியில 19 மீட்டர், யூடிஎம் எண்ட உலக கிரிட்டின்ர 0.9996 தெரியாமக் கிடந்தா 80 மீட்டருக்கு மேல. தூரத்துப் புள்ளி ரெண்டு, கிழக்கில ஒண்டு மேற்கில ஒண்டு, அப்பதான் வெளிக்கும்.

குளக்கட்டு:
ஷிஃப்டை ஓஃப் பண்ணிப் பாத்தன், 38 மீட்டர்தான் நகர்ந்தது, அப்ப குறிதான் பிழை. மூண்டு பராமீட்டர் போட்டு, எவரெஸ்டையும் 1937க்கு மாத்தி, திரும்ப ஓட விட்டன். வான் கதவு படத்தில வான் கதவிலயே நிக்குது, மிச்சப் புள்ளியும் பத்து மீட்டருக்குள்ள. ரெண்டு பேருக்கும் என்ன சொல்லுறதெண்டே தெரியேல்ல. ஒரு பக்கத்தில மட்டும் ஏழு புள்ளிக்கு ஈஸ்டிங் 46 ஆயிரம் எண்டு வருகுது, அது இலங்கைக்கு வெளியில போகுது, முன்னால ஒரு இலக்கம் அழிஞ்சிருக்கும் போல, நாளைக்கு வெளிச்சத்தில கொப்பியை வைச்சுப் பாத்திட்டு எழுதுறன்.